கயிற்றின் மேல்முனையில் இருந்தவனுக்கு

இன்று காலை அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீட்டு மாமரத்தில், தாழ்ந்து தொங்கிய கிளைவாது ஒன்றைத் தரையில் நின்றபடியே அறுத்தேன். மாம்பாலும் பெட்ரோல் புகையும் கலந்த வாசம் கிளம்பியது. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் உன் சட்டையிலிருந்து வருமே, அதே வாசம். ரம்பத்தை அணைத்துவிட்டு, என்னை அறியாமல் மேலே பார்த்தேன். மரத்தில் யாரும் இல்லை. மாரடைப்பு வந்து நீ தூக்கத்திலேயே போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. என் கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

நாம் சேர்ந்து மரங்களுக்குக் கிளை கழித்த காலமெல்லாம் நீ மேலே, நான் கீழே. நீ ஏறி அறுப்பாய். உன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். ரம்பம் என்னுடையது, வண்டி என்னுடையது, போனில் பேசி வேலை பிடிப்பதும் நான்தான். ஆனால் போன வீட்டிலெல்லாம் மரக்காரர் என்றால் அது நீ. நான் கூட வந்தவன்.

வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டி நின்ற அவர்களுடைய வேம்புக்கு வருஷம் தவறாமல் போவோம். நீ உச்சியில் இருக்கும்போதே அந்த அம்மா அடியில் வந்து நின்றுகொண்டு, மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி உன்னிடம் உரக்கச் சொல்வார். நீயும் ரம்பத்தை அணைத்துவிட்டு, கிளையில் சாய்ந்துகொண்டு யோசனை சொல்வாய். "பையன் போர் போடற ரிக் வண்டியில போறானுங்களா? அப்ப வருசத்துல பாதி நாள் ஊட்டுல இருக்க மாட்டானுங்களே." அவ்வளவு நேரமும் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி என் கை மரத்துப்போகும்.

சோறு போடும்போதும் அப்படித்தான். "சாமி, மொதல்ல எறங்கி வந்து சாப்புடு, கொழம்பு ஆறுது" என்பது உனக்கு. "அந்தண்ணனும் வரட்டும்" என்பது எனக்கு. மகள் கல்யாணத்துக்கு உன் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார்கள். என்னைச் சந்தையில் பார்த்தபோது, "அவருகிட்ட சொல்லியிருக்கறமுங்க, நீங்களும் கூட வந்துருங்க" என்றார்கள். நான் போகவில்லை. நீ போய்விட்டு வந்தாய். இலையில் வைத்த மைசூர்பாகை எனக்கென்று மடித்து எடுத்து வந்தாய். தின்றேன். தின்னும்போதும் உன்மேல் எரிச்சல்தான்.

ஒருமுறை உனக்குக் காய்ச்சல். ஆடிக்காற்று தொடங்குவதற்குள் கட்டுத்தரையின் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்த கிளையை இறக்கியாக வேண்டும் என்று, கயிறு பிடிக்க என் மச்சினனைக் கூட்டிக்கொண்டு அதே தோட்டத்துக்கு நான் போனேன். என் இடுப்பில் கயிற்றைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

"ஏனுங்க, அவரு வரலீங்களா?"

"காய்ச்சலுங்க. இன்னிக்கு நான் ஏறுறனுங்க."

"வேண்டாமுங்க. அவரே வந்து ஏறட்டும். மரம் எங்கயும் போயிராது."

கட்டிய கயிற்றை அவர் கண்ணெதிரே அவிழ்த்தேன். வந்து உன்னிடம் சொன்னபோது, போர்வைக்குள்ளிருந்து சிரித்தாய். "அந்தம்மாவுக்கு உன்னயப் பத்தி என்ன தெரியும், உடு" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய். அவர்களுக்கு என்னைத் தெரியாமல் போனதே உன்னால்தானே என்று அன்று முழுக்க நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை போன அந்த மாமரத்து வீடு, தனியாக இருக்கும் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுடையது. முன்பு நாம் சேர்ந்து போன வீடுதான். நீ போன செய்தியைப் போனிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். கோயிலில் உனக்காகப் பூசைக்குக் கொடுத்தாராம். டீயை என் கையில் தந்துவிட்டு, மாமரத்தைப் பார்த்தபடி பேசினார்.

"இந்தப் பக்கம் வந்தா என்னைப் பார்க்காம போகமாட்டார். தனியாத்தான் வருவார். உக்காந்து பேசிட்டுப் போவார்."

அது எனக்குத் தெரியாது.

"ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கால் நடுங்கும்பார். உச்சிக்குப் போயிட்டா கீழ பார்க்கவே மாட்டாராம். நான் பிரஷர் பார்த்து அனுப்புவேன்."

"பயமா? அவனுக்கா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்ககிட்ட சொன்னதே இல்லையா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கயிறு புடிக்கிறவருக்குத் தெரிஞ்சா அவர் கையும் நடுங்கும், அதனால சொல்றதில்லைன்னு ஒருநாள் சொன்னார்."

 வீட்டுக்காரர்கள் உன்னைக் கொண்டாடுகிறார்களே என்று இத்தனை காலமும் உன்மேல்தான் பொறாமைப்பட்டேன். இன்று அது இந்த நர்ஸ் அம்மாவின்மேல் திரும்பியது. உன் கால் நடுக்கம் கயிறு வழியாக என் உள்ளங்கைக்குத்தான் வந்திருக்கும். காற்று என்று நினைத்திருக்கிறேன். அதைக் கேட்க வேண்டியவன் நான். நீ அதை ஒரு வீட்டுக்கார அம்மாவிடம், டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். என் கை நடுங்கியிருக்காதுடா. இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பேன்.

டம்ளரை வைத்துவிட்டு வந்து கயிற்றைக் கட்டிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஏறுவது நான், கீழே மச்சினன். முதல் கிளைக் கவட்டையில் கால் வைத்ததும் அந்தப் பயம் வந்தது. எப்போதும் வருவதுதான், நானும் யாரிடமும் சொன்னதில்லை. இன்று அங்கேயே நின்று கீழே பார்த்தேன்.

"மாப்ள, எனக்குப் பயமா இருக்குது."

மச்சினன் கயிற்றைத் தன் இடுப்பில் இன்னொரு சுற்று சுற்றி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். அவன் கை நடுங்கவில்லை.

"இப்ப ஏறுங்க மாமா" என்றான்.

ஏறினேன். நீ எனக்குத் தராமல் வைத்துக்கொண்டதை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். இனி எந்த வீட்டு மரமானாலும் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். மேலே இருப்பவன் வாயிலிருந்து அதைக் கேட்க அவனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. அவன்மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.