முதல் வரிசை, ஜன்னல் பக்கம்

நம் மைனாவின் அம்மாவுக்கு, அவள் அப்பா எழுதுவது.

இங்கே இருவரும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில்தான் போனில் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. ஷிப்ட் மேல் ஷிப்ட்டாகப் பார்க்கிறாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். உன் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் ஆள் குறைவு என்று உன் முகமே சொன்னது.

தினம் முகம் பார்த்துப் பேசுகிற ஆளுக்கு எதற்கு இந்த மனுஷன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் எதைப் பேசினாலும் மைனா பக்கத்தில் இருக்கிறாள். காதில் விழுந்ததை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு, எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறாள். தலைமை ஆசிரியையைப் பற்றி உன்னிடம் ஒருநாள், ‘அந்தம்மா மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது’ என்றேன் அல்லவா? அதை என் குரலிலேயே, அதே இழுவையோடு, பள்ளிக்கூட வாசலில் அந்தம்மாவிடமே சொன்னாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் தம்பி அவளுக்குச் சும்மாவா மைனா என்று பெயர் வைத்தான்!

இன்னொரு காரணம், நான் சொல்ல வந்ததைப் போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். இந்த முறை சரி என்று சொல்லக் கூடாது. கோபம் வரும். வரட்டும், முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் பள்ளிக்கூடச் செய்தி. ‘சின்னப் பிரச்சினைதான், முடிஞ்சுபோச்சு’ என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். சின்னதும் இல்லை, முடியவும் இல்லை.

கீழ்த்தளத்து அறையில் தரை பெயர்ந்துவிட்டது என்று மைனாவின் வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், குதித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். இவள் பழைய அறையின் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் போன் வந்தபோது நான் பழுது பார்க்கப் போன ஒரு லிஃப்டின் அடிக்குழிக்குள் இருந்தேன். கிரீஸ் கையோடு போய் அழைத்துவந்தேன். மாடி அறைக்கு அவளைப் பழக்கிவிட்டுக் கூட்டிவரலாம் என்றார் வகுப்பு ஆசிரியை. நல்ல பெண்தான். ஆனால் எப்படிப் பழக்குவது என்று அவருக்கும் தெரியவில்லை, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்.

சரி, நாமே பழக்குவோம் என்று கிளம்பினேன். விடுமுறை நாளில் அனுமதி கேட்டு, மாடி அறைக்குள் போய்ப் போட்டோ எடுத்தேன். வீட்டு ஹாலில் சோபாவை ஓரம் கட்டினேன். சாப்பாட்டு மேசை நாற்காலிகள், குளியலறை முக்காலி, எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கியவை என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டேன். நீ ஆசையாக வாங்கிய நீலப் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணியடித்துக் கரும்பலகை ஆக்கினேன். திட்டாதே, ஓட்டை சின்னதுதான். நான் ஆசிரியை. உன் தம்பி மாணவன். மைனாவுக்கு வகுப்பில் ஒதுக்கியிருந்த இடம் முதல் வரிசை, ஜன்னல் பக்கம். காலையில் பையை மாட்டிக்கொண்டு படுக்கையறையிலிருந்து கிளம்பி, ஹாலுக்குள் வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, வருகைப் பதிவுக்குக் கை தூக்குவாள். மூன்று நாளில் பிடித்துக்கொண்டாள். ‘இது மைனாவின் இடம்’ என்று நான் சொல்வேன், அவளும் சொல்வாள். அடேயப்பா, நமக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் கோட்டைவிட்டேன். நான் போட்டோ எடுத்தது கரும்பலகைப் பக்கம் நின்று, பிள்ளைகள் உட்காரும் பக்கம் பார்த்து. வீட்டில் நாற்காலி போட்டபோது அதை மறந்துவிட்டு, பிள்ளைகள் இடத்திலிருந்து கரும்பலகையைப் பார்ப்பதாக வைத்துப் போட்டேன். இடது வலதாகிவிட்டது. வயரிங் வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் படிக்கிற ஆள் நான், ஒரு ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. என் ஹாலில் ஜன்னல் இருந்த பக்கத்தில், அங்கே சுவரும் அலமாரியும்தான். அந்த முதல் வரிசை இடம் ஏற்கெனவே வேறொரு பெண்ணுடையது.

மாடியில் முதல் நாள் மைனா அழவில்லை, காதைப் பொத்தவில்லை. நேராகப் போனாள், நான் பழக்கிய பக்கத்தில், நான் பழக்கிய இடத்தில் நின்றாள். அங்கே ஓர் இரட்டைப் பின்னல் பெண் உட்கார்ந்திருந்தாள். ‘இது மைனாவின் இடம்’ என்று என் ஆசிரியைக் குரலில் சொன்னாளாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை, அவள் ஏன் எழுந்திருக்க வேண்டும்? இவள் மேசையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு உதடு கிழிந்து தையல் போட்டார்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘உங்க கஷ்டம் புரியுதுங்க, ஆனா எம்பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கல’ என்றார். நான் கைகூப்பினேன். தப்பு என்னுடையது, போட்டோவைத் திருப்பிப் பிடித்துவிட்டேன் என்று விளக்கினேன். அறையில் இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மைனா அதற்குள் தலைமை ஆசிரியையைப் பார்த்து ‘கதவு மூடப்படுகிறது, விலகி நிற்கவும்’ என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் பழுது பார்க்கும் லிஃப்ட்களில் கேட்டுக் கற்ற வசனம்தான், உனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் போக வேண்டும் என்றால் அவளுக்கு அதுதான் மரியாதையான சொல். அந்தம்மாவுக்குத் தெரியாது அல்லவா.

தலைமை ஆசிரியை சொன்னது இதுதான்: இந்தப் பருவம் முடியும்வரை பார்ப்பார்கள். அதற்குள் இன்னொரு முறை இப்படி நடந்தால், ‘அவங்களுக்குன்னு இருக்கிற இடத்துல சேத்துருங்க சார்’. அப்படி ஓர் இடம் இந்த ஊரில் இல்லை. இருக்கிற ஊரில் விடுதியில்தான் விட வேண்டும். நம் பிள்ளையை, தன் தட்டில் மஞ்சள் கரு பட்டாலே தட்டை மாற்றச் சொல்கிற பிள்ளையை, ஒரு விடுதியில்! இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம் என்பதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து ஹாலைத் திருப்பிப் போட்டேன். விரிப்பை எதிர்ச்சுவரில் அடித்தேன் (ஆமாம், இன்னொரு ஓட்டை). இப்போது நம் அலமாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ‘ஏம்ப்பா, இது வீடா, பள்ளிக்கூடமா, சாமான் அடைக்கிற கிட்டங்கியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். மைனா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பழைய இடத்துக்கே போய் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நானும் பொறுமையாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் கத்திவிட்டேன். கத்தியதை அவள் என் குரலிலேயே திருப்பிச் சொன்னாள், அதற்குப் பிறகு கத்தவில்லை. உன் தம்பி இரட்டைப் பின்னலாக நடித்தான், தலையில் உன் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு. ‘இது இந்தப் பொண்ணோட இடம், அது மைனாவோட இடம்’ என்று நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது.

இப்போது போகிறாள். போய்த் தன் இடத்தில் உட்காருகிறாள். இரட்டைப் பின்னலைக் கடக்கும்போது மட்டும் ‘விலகி நிற்கவும்’ என்று முணுமுணுக்கிறாளாம், அந்தப் பெண்ணும் பழகிக்கொண்டு காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாளாம். போன வாரம் ஒருநாள்கூட எனக்குப் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியை வாசலில் என்னைப் பார்த்து, ‘இந்த வாரம் நல்லா இருந்தா சார்’ என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். நான் பைக்கைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி உளறிக் கொட்டிவிட்டான். அவனைத் திட்டாதே, அவனுக்கு எதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. தையல் போட்ட கதையை உன்னிடம் சொன்னதும் அவன்தான், நீ லீவு எழுதிக் கொடுத்து டிக்கெட் போட்டுவிட்டாய் என்று என்னிடம் சொன்னதும் அவன்தான். அடுத்த மாதம் பத்து நாள். சொல்லாமல் வந்து, சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டுவதாக இருக்கிறாயாம்.

வராதே.

எழுதிவிட்டு நானே இந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெற்றவளை வராதே என்று சொல்ல நீ யார் என்று கேட்பாய். நியாயம்தான். ஆனால் போன தடவையை நினைத்துப் பார். நீ இருந்த நாளெல்லாம் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். போனை அவள் முன்னால் வைத்தால் தூக்கி எறிந்தாள். போனுக்குள் இருந்த அம்மா வெளியே வந்துவிட்டாள், மறுபடி உள்ளே போனதை அவளால் ஏற்க முடியவில்லை. வாசலில் செருப்பு வைக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அங்கேயே தூங்கினாள். பள்ளிக்கூடம் நின்றுபோனது. போனில் உன் முகத்தை அவள் மறுபடி நேராகப் பார்ப்பதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இப்போது அப்படி ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் நமக்கு இல்லை.

தளத்துக்குச் சமமாக நிற்காத லிஃப்டின் கதவைத் திறக்க நாங்கள் விடுவதில்லை, ஒரு சாண் மேலே கீழே இருந்தாலும் கால் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கவலைப்படாதே. தினமும் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைக்கிறாள், நீ வருகிறாய், முட்டையின் வெள்ளையையும் ரொட்டியையும் சாப்பிடுகிறாள். உங்கள் பிரிவில் அவசரம் என்று நீ ஒருநாள் அழைக்க முடியாமல் போனது நினைவிருக்கிறதா? எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவள் போனை வழக்கம்போலச் சாய்த்து வைத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. ‘சாப்டியா கண்ணு? தண்ணி குடிச்சியா?’ என்று உன் குரலில் கேட்டாள். பிறகு தன் குரலில் ‘சாப்டேன்’ என்றாள். ‘சமத்து’ என்றாள் உன் குரலில். முழுவதும் சாப்பிட்டுவிட்டு, ‘கதவு மூடப்படுகிறது’ என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அப்படி அச்சு அசலாக இருந்தது குரல். நீ இல்லாத வீட்டில் உன் குரலைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பருவம் முடிந்ததும் நீண்ட விடுமுறை வருகிறது. அப்போது வா, நிறைய நாள் இருக்கிற மாதிரி வா. நீ வருவதையும் ஒத்திகை பார்த்துவைக்கிறோம், போவதையும் பார்த்துவைக்கிறோம். உன் தம்பி துப்பட்டாவும் பெட்டியுமாக வாசலில் வந்து நிற்கத் தயாராக இருக்கிறான். இந்த முறை இடது வலது பார்த்துக்கொள்கிறேன்.

டிக்கெட்டை ரத்துசெய்தால் போனில் அதைச் சொல்லாதே, மறுநாள் வகுப்பில் ஒலிபரப்பாகிவிடும். ‘முட்டை வாங்கியாச்சா?’ என்று மட்டும் கேள், புரிந்துகொள்வேன். மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றும் கேட்காதே. நீ கதவைத் தட்டினால் நான் திறப்பேன். வாசலில் நிற்கிற உன்னைத் திரும்பிப் போ என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஹாலைத் திருப்பிப் போட்ட பிறகு மைனா தானாகவே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் போட்டாள். நான் போடச் சொல்லவில்லை, அது வகுப்பறையிலும் இல்லை. உன் தம்பி கால் வலிக்கிறது என்று அதில் உட்காரப் போனான், தள்ளியே விட்டாள். எதிர்வீட்டு அக்காவையும் உட்கார விடவில்லை. நேற்று நான் உட்காரப் பார்த்தேன். ‘இது அம்மாவின் இடம்’ என்று சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். இதை மட்டும் நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த இடத்தை அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள். அதனால் நீ தைரியமாக வராமல் இரு.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள்.

பக்கவாட்டில் நுழையும் வீட்டிலிருந்து,
மைனாவின் அப்பா