பாலத்தடியில் ஆறு

ஜூன் 4
போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இன்று பள்ளிக் குழுவின் வாரக் கணக்கு. குளத்துப் பாலத்தடியில் ஆமை நான்கு. போன வாரம் ஆறு. குளம் முழுக்க இருந்ததே அந்த ஆறுதான்.

"எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க. இடத்தை எங்கேயும் எழுதாதீங்க" என்று டீச்சர் முதல் நாளே சொன்னார். சார்ட்டில் எழுதவில்லை. போன வாரமே இங்கே எழுதிவைத்தேன்: மூன்றாவது தூண், உடைந்த படி, அவை வெயில் காய வரும் நேரம். என் நோட்டுதானே?

ஜூன் 7
இரண்டுதான். வெறும் இரண்டு.
நோட்டில் நான் அடையாளத்துக்கு வைத்த நூல் வேறு பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 9
தூண் முழுக்க நத்தை. "இந்தக் கல்லு ஓட்டை உடைக்க அந்த ஆமைத் தாடை ஒண்ணாலதான் முடியும். கொக்கு தொடாது, மீன் தொடாது" என்றார் டீச்சர். நத்தைகள் நீர்ச்செடியை மேய்ந்து தீர்த்தால் மீன்குஞ்சுகள் எங்கே ஒளியும்? ஆறே ஆறு. இவ்வளவு வேலை பார்த்திருக்கின்றன.

சித்தப்பா மாடி அறையில் மூன்று மீன்தொட்டி வைத்திருக்கிறார். கதவு எப்போதும் தாழ். வாசலிலேயே மறித்தார். "என்னடி ஆமை டாக்டர், இன்னைக்கு எத்தனை பேஷன்ட்?" சிரித்து வைத்தேன். எடுத்தது அவர்தான். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால்?

அப்பா ஒரு கம்பெனி மேலாளரின் கார் ஓட்டுகிறார், தற்காலிகமாக. சாப்பிடும்போது, "வேலையை நிரந்தரம் பண்ணிடுவார் போல. வீட்டுத் தோட்டத்துல புதுசா குளம் கட்டிட்டு ஒரே குஷியா இருக்கார்" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

ஜூன் 11
மிச்ச இரண்டும் இடம் மாறிவிட்டன. சாயப்பட்டறை வாய்க்காலில், குழாய்க்கு அடியில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 13
பதினொன்றாம் தேதி எழுதியது பொய், நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிப்பவருக்கு வைத்த பொறி. அந்த வாய்க்காலில் தவளைகூடக் கிடையாது. இருப்பது நீலச் சேறு மட்டும். தேய்த்தாலும் போகாது.

மாலையிலிருந்து சித்தப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்தது. அவரோ வீட்டுக் குழாயடியைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, இங்க் பாட்டில்ல இறங்கிட்டீங்களா?"

அப்பா குனிந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நிமிரவேயில்லை.

அப்பாவா? —

அப்பா, இதையும் படிப்பீங்கன்னு தெரியும். அந்தத் தோட்டத்துக் குளத்துல அதுங்களுக்கு நத்தை கிடைக்காது. இங்க நத்தைய தின்ன வேற ஆளே இல்லை. டீச்சர் தினமும் கேக்குறாங்க, யாரா இருக்கும்னு. என்னால எத்தனை நாள் முழிச்சிக்கிட்டு நிக்க முடியும்? பயமா இருக்குப்பா. சொல்லணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.

ஜூன் 14
நூல் இடம் மாறியிருக்கிறது.

ஜூன் 18
வாரக் கணக்கு: ஐந்து. டீச்சர் நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார். ஐந்துதான். தூணடிச் சேற்றில் பெரிய செருப்புத் தடம். யாரும் பார்க்கும் முன் அதன் மேல் நின்றுகொண்டேன்.

கார் சாவியை மேலாளர் வாங்கிக்கொண்டாராம். அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. அப்பா இன்று எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணலாக.

ஆறாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.