தூக்குப் பாலத்தின் கடைசி ஆளுக்கு

இன்று உப்பங்கழியோரம் கிடந்த பழைய சங்கிலியைப் புரட்டிப் பார்த்தேன். கையில் துருவும் கிரீஸும் கலந்த வாசனை. காய்ச்சலில் நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

இந்தத் தீவுக்குக் கைதிகளைக் கொண்டுவந்த காலத்தில், இங்கே விளையும் படாக் மரத்தில் போட்ட பாலம். ஜப்பான்காரர்கள் இருந்தபோது பாதி எரிந்ததாம். குடியேறி வந்தவர்கள் ஒட்டுப்போட்டார்கள். கடல் ஏறும்போது நீ சங்கிலியை இழுப்பாய். நடுப்பலகை எழும். மேல்கரை வங்காளிகளின் கத்தரிக்காய்ப் படகுகள் நகருக்குள் போகும். இருபுறமும் காத்து நிற்பவர்களுக்குப் பாலத்தின் கதையைச் சொல்வாய், ஆளுக்கு ஒரு விதமாக.

பிறகு நிலையான பாலம் போட முடிவானது. உயரம் அளந்தவன் நான். மெட்ராஸில் படித்து, கப்பலிறங்கி மூன்றாவது வாரம். ஆபீஸ் திறக்கும் பத்து மணிக்குப் போனேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. பாலம் தாழ்வாக இருந்தால் போதும் என்று எஞ்சினியருக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

நீ சிரித்தாய். "காலேஜு, வத்துனா படகு சேத்துல நிக்கும். ஓடுறதே ஏத்தத்துலதான்."

மேல்கரையையே அடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் ஏற்றத்தில், நான் எழுதிய உயரத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினாய். எஞ்சினியரைப் படகில் ஏற்றினாய். நானும் ஏறினேன்.

"குனிங்க சார்."

"எவ்ளோப்பா குனியறது?"

"படுத்துடுங்க."

மூட்டைகள் மேல் படுத்தார். அப்படியும் மூட்டை கயிற்றில் சிக்கிப் படகு நின்றது. படகுக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். "பஜார்ல மூட்டையோட சாரையும் சேத்து எடை போடணுமாம்" என்றாய். எஞ்சினியரே சிரித்துவிட்டார்.

"அப்ப தூக்குப் பாலமே இருக்கட்டுமா? உன் வேலையும் போகாது."

உனக்கு வேறு வேலை இல்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை.

"வேணாம் சார். பிரசவத்துக்குப் போறவங்களும் இங்கதான் நிக்கிறாங்க. புதுசே போடுங்க. ஒசரமா போடுங்க."

அப்படியே போட்டார்கள். நீ பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் கயிறு பிடிக்கப் போனாய். என்னை எங்கே கண்டாலும், "க்யா, பத்து மணி சாப்!" என்று இந்தியில் கூப்பிடுவாய். அவ்வளவுதான் உன் கோபம்.

எதை அளந்தாலும் இப்போது ஏற்றத்திலும் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

மேலே லாரி போகிறது. கீழே படகில் ஒருவன் மூட்டைகளின் மேல் நின்றபடியே துடுப்புத் துழாவிப் போகிறான். அவனுக்கு உன்னைத் தெரியாது. பாலத்தடியில் அவன் குனியவில்லை.