வசனம் போன இடம்

சனிக்கிழமை இரவு

நானே ஆறு ஸ்பீக்கர் மாட்டிய கம்ப்யூட்டரில் இன்று பாட்டு அதிர்ந்தது, வசனம் மட்டும் கேட்கவில்லை. ரெம்பா ஊரிலிருந்து படம் பார்க்க வந்த தங்கச்சி புருஷன் சிரித்தான்.

"நாலாங்கிளாஸ் படிச்சவனுக்கு இதெல்லாம் எதுக்கு மச்சான்? கடைக்காரனக் கூப்புடு லா."

விடுவேனா? செட்டிங்கில் போய் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் வைத்துப் பார்த்தேன். வசனம் வரும் நடு ஸ்பீக்கர், மூடியிருந்த சாமி ரூமுக்குள்ளிருந்து சத்தம் கொடுத்தது.

"காலையில பாட்டுப் போட ஒயரோட இழுத்துட்டுப் போனேன். சாமிக்கும் கேக்கணும்ல" என்றாள் வீட்டுக்காரி.

"இப்ப வில்லன் பேசினதையும் கேட்டிருக்கும்" என்றேன்.

படம் முடிந்ததும் தங்கச்சி புருஷன் மெதுவாக, "எங்க வூட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் கொடு" என்றான்.

"ஏழு ஸ்பீக்கரா வாங்கி வை. என் தங்கச்சியும் சாமி கும்புடுறவதான்."