வெளியூர்க்காரிக்குக் கடுக்காய் இல்லை

கரியாலூர்
11-8-2024

என் கண்ணு சுபலட்சுமிக்கு,

உன் அப்பன் தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது. மாலை வகுப்பில் எல்லா எழுத்தும் பிடிபட்டுவிட்டது, ‘ழ’ மட்டும் இன்னும் வழுக்குகிறது. உப்புப் பொட்டலம், சுவர் விளம்பரம், எதையும் படிக்காமல் என்னால் நகர முடிவதில்லை. கள்ளக்குறிச்சியில் பேருந்துப் பலகையைப் படித்துக்கொண்டே நின்று, அந்தப் பேருந்தையே விட்டுவிட்டேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் கொளஞ்சியம்மாள். எலவனாசூர்கோட்டைக்காரி. புருஷன் போனபின் இங்கே பேருந்து நிற்கும் இடத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். போனில் சொல்லக் கூச்சம். எழுத்து நல்லது, முகத்தைக் காட்டாது.

ஊர்க்கூட்டத்தில் பேசியாகிவிட்டது. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பேச்சுக்கொரு கடுக்காய், எதிர்ப்பவர் அதன் முன்னால் தன் கடுக்காயை வைக்க வேண்டும். உன் அண்ணன் வெற்றிசெல்வன் ஷேர் ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு மலையேறி வந்து, “இந்த வயசுல கல்யாணமா? ஊரே சிரிக்கும்பா” என்று கடுக்காய் வைத்தான். “சிரிக்கிறவன் எனக்குச் சோறாக்கிப் போடுவானா? ஆக்கிப்போட ஆள் வேணும்” என்று நான் வைத்தேன். தீர்ப்பு சொல்ல வேண்டிய பெரியவர் இருசப்பன், “நீங்க கத்திக்கினே இருங்க, நான் போய் மாட்டைக் கட்டணும்” என்று எழுந்து போய்விட்டார். தீர்ப்பு இல்லை.

நீ சென்னையில் இந்த மாதிரிச் சண்டைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்க்கிறாயாமே. இதையும் போட்டுச் சொல். நீ சரி என்றால்தான் தாலி வாங்குவேன். இல்லையென்றால் இட்லியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அப்பன்
கரியன் (கைநாட்டு இல்லை, கையெழுத்து!)


சென்னை
25-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன், முதல் பத்திக்குக் கீழே மடித்து மறைத்துக்கொண்டு.

நாங்கள் சண்டையைத் தீர்ப்பதில்லை அப்பா. எந்தப் பேச்சு நிற்கும், எது விழும் என்று கணக்கிடுகிறோம். ஒவ்வொரு பேச்சும் ஒரு புள்ளி. ஒன்று இன்னொன்றை எதிர்த்தால் நடுவே ஓர் அம்பு. எதிர்ப்பே இல்லாத பேச்சு நிற்கும். அது எதிர்க்கும் பேச்சு விழும். எதிர்த்ததெல்லாம் விழுந்துவிட்டால், முன்பு தள்ளப்பட்ட பேச்சு மறுபடி எழும். இந்த விதிகளை ‘இது நின்றால் அது நிற்காது’ என்பது போன்ற தர்க்க வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தால், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிற விடையைக் கம்ப்யூட்டர் தேடி எடுக்கும். ஆயிரம் பேச்சு இருந்தாலும் தேடும்.

உங்களுடையதைப் போட்டேன். சோற்றுப் பேச்சு நிற்கிறது, ஊர்ச்சிரிப்பு விழுகிறது, கல்யாணம் எழுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் கொடுத்ததை மட்டும்தான் பார்க்கும், விட்டுப்போனது அதற்குத் தெரியாது. கொளஞ்சியம்மா பேச்சு ஒன்றுகூட இல்லையே. அவர்களைக் கேட்டீர்களா?

நானும் ஒரு பேச்சைச் சேர்த்தேன். ‘அது அம்மா இருந்த இடம்.’ அதிலிருந்து கல்யாணத்துக்கு ஓர் அம்பு. அதை எதிர்க்க யாரிடமும் எதுவும் இல்லை. கல்யாணம் விழுந்துவிட்டது. கோபமில்லை அப்பா. திரையை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள்
சுபா


கரியாலூர்
8-9-2024

என் கண்ணு சுபாவுக்கு,

நீ கேட்டபிறகுதான் உறைத்தது. வெளியூர்க்காரருக்கு நம் கூட்டத்தில் கடுக்காய் கிடையாது. அந்தப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே அவள் கல்யாணத்தைப் பேசியிருக்கிறேன். நேரே கடைக்குப் போனேன்.

“இன்னாய்யா, ஊரக் கூட்டிக் கடுக்கா வச்சிக்கினு இருந்தியாமே. என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

“அதுக்குத்தான் வந்தேன்...”

“ஆக்கிப்போட ஆள் வேணும்னியாமே? விடிஞ்சதுலேர்ந்து இந்த அடுப்புலதான் வேகறேன். அங்க வந்து இன்னொரு அடுப்பா? வேற ஆளப் பாரு. சட்னி வேணுமா, வாணாமா?”

வேணும் என்றேன். திட்டிக்கொண்டே ஜாஸ்தியாகத்தான் ஊற்றினாள்.

ஆக, சோற்றுப் பேச்சு விழுந்தது. ஊர்ச்சிரிப்பு எழுந்து நின்றுகொண்டது. சரிதானே?

யோசித்தேன். சோறாக்க எனக்கே தெரியும். உன் அம்மா வெள்ளச்சி படுக்கையில் விழுந்ததிலிருந்து, அவள் போன பின்னும், நான்தான் ஆக்குகிறேன். உள்ளதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சோற்றைச் சாக்கு சொல்லியிருக்கிறேன். மறுநாள் போய்ச் சொன்னேன்: “உன்கூடப் பேசிக்கினு இருந்தா மனசு நல்லா இருக்குது. அவ்ளோதான்.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றாள். ஊர் சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. இந்தப் பேச்சையும் போட்டுக்கொள்.

உன் அம்மா பேச்சுக்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை கண்ணு. நான் தேடவும் இல்லை. வகுப்பில் பெயர் எழுதச் சொன்னபோது நான் முதலில் எழுதியது வெள்ளச்சி என்றுதான். ஒரு புள்ளி வைக்க மறந்திருந்தேன். எட்டிப் பார்த்துப் புள்ளி வைத்தவள் கொளஞ்சி. “யாரு இது?” என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். இன்னும் சொல்லி முடியவில்லை.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதில் மாற்றமில்லை.

உன் அப்பன்
கரியன்


சென்னை
20-9-2024

அப்பா,

அம்மா பேச்சை நான் தொடவில்லை. அது அப்படியே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து கல்யாணத்துக்குப் போன அம்பை வரைந்தது நான். இது உண்மையிலேயே எதிர்ப்புதானா என்று கம்ப்யூட்டர் கேட்காது, போட்டவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் புதுப் பேச்சைச் சேர்த்து, அந்த அம்பை அழித்துவிட்டு ஓட்டினேன். அம்மாவும் நிற்கிறாள், கல்யாணமும் நிற்கிறது. வேறு விடை வரவில்லை.

அண்ணனிடம் நான் பேசுகிறேன். மாப்பிள்ளையை வேறு எவனோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டால் இறங்கி வந்துவிடுவான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு வருகிறேன். சேலை எடுத்து வர வேண்டும். சின்னம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்? நீங்களாக எழுதிவிடாதீர்கள், அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

சுபா