தகப்பன் கையெழுத்துப் போடும் கோடு

இஞ்சாருங்கோ,

சுகமாயிருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். உங்களுக்கென்ன குறை? மாதாவின் காலடியில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பீர்கள். நான்தான் இந்தப் பலெர்மோவில் கிடந்து மாரடிக்கிறேன். இரண்டு வருடமாக அடக்கி வைத்த கோபத்தை இன்றைக்குக் கொட்டப் போகிறேன், பேசாமல் கேளுங்கள்.

உங்கள் மகள் ஜெனிற்றாவின் வகுப்பு ஐந்து நாள் சுற்றுலா போகிறது. பிளோரன்ஸ், சியென்னா, பீசா. முதலில் நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பதின்மூன்று வயதுக் குமரை ஐந்து நாள் வெளியில் விடுகிறதா? "கோயிலில சனம் என்ன கதைக்கும்?" என்றேன். "சனமே பள்ளிக்கூடம் நடத்துது? எல்லாரும் போகினம். நான் மட்டும் நிண்டா பிறகு என்னோட ஒருத்தரும் சேராயினம்" என்றாள். வாய் அப்படியே உங்களுடையது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். சரி, போய்த் தொலை என்றேன்.

அதோடு முடிந்ததா? அனுமதிப் படிவத்தில் இரண்டு கோடு. ஒன்று தாய்க்கு, மற்றது தகப்பனுக்கு. தகப்பன் இல்லையென்றால் மரணச் சான்றிதழ் காட்ட வேண்டுமாம். செத்தும் என்னை அலைய வைக்கிறீர்கள். லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சின்னோராவிடம் அரைநாள் லீவு கெஞ்சி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்தது வீடு துடைக்கிற இத்தாலியன்தானே.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலகக்காரி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தகப்பன் பெயரென்ன என்று கேட்டாள். நான் மகளை இடித்தேன். "நீ சொல்லு." அலுவலகக்காரி கையை உயர்த்தி மகளை மறித்தாள். தாய் சொல்லட்டுமாம்.

பதினைந்து வருடம் உங்களோடு குடும்பம் நடத்தினேன். ஒருநாளாவது உங்கள் பெயர் என் வாயில் வந்ததா? எதற்கும் 'இஞ்சாருங்கோ'தான். புருசனின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது. விசரி மாதிரித் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் என்ன நினைப்பாள்? கட்டினவனின் பெயரே தெரியாதவள், பிள்ளையை எங்கேயோ தூக்கிக்கொண்டு வந்தவள் என்றுதானே?

சான்றிதழை நீட்டினேன். அது இன்னும் மோசமாய்ப் போனது. நம் வழக்கப்படி மகளின் பெயருக்கு முன்னால் உங்கள் பெயர், உங்கள் பெயருக்கு முன்னால் உங்கள் தகப்பன், மாமாவின் பெயர். இத்தாலிக்காரருக்கோ, பெயரில் முதலாவதாய் நிற்பதெல்லாம் குடும்பப் பெயர். சான்றிதழையும் படிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள் தலையை ஆட்டினாள். குடும்பப் பெயர் வேறு, ஆகவே செத்தவர் தகப்பன் இல்லையாம். "சின்னோர் அந்தோனிப்பிள்ளை எங்கே? நாளை மத்தியானம் பட்டியலை மூடுகிறோம். அதற்குமுன் அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை போக முடியாது" என்றாள். முதலில் பெயரைத் திருத்துங்கள் என்று புத்திமதி வேறு.

உங்கள் மகளும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டாள். "நான் எத்தனைதரம் சொன்னனான் அம்மா, இந்தப் பேரை மாத்துங்கோ எண்டு? வகுப்பில என்னை 'அந்தோனியோ' எண்டு ஆம்பிளைப் பேரில கூப்பிட்டுச் சிரிக்கிறாங்கள்!" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

எனக்கு விசர் ஏறிவிட்டது. மேசையில் ஒரு அடி போட்டேன்.

"அது குடும்பப் பேர் இல்லை! அந்தோனிப்பிள்ளை எண்டது என்ர மனுசன்ர சொந்தப் பேர்! அந்தாள் செத்தாப்பிறகு அந்தப் பேரை ஒவ்வொரு நாளும் சத்தமாக் கூப்பிடுற இடம் இந்தப் பள்ளிக்கூடம் ஒண்டுதான். அதையும் அழிக்கச் சொல்லுறியோ? பிள்ளை, அவளுக்குச் சொல்லு!"

மகள் இத்தாலியனில் தொடங்கினாள், பாதியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் அப்பான்ர பேரைச் சொல்லிப்போட்டியள்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள்.

அலுவலகக்காரி சான்றிதழை எடுத்து இன்னொருதரம் வாசித்தாள். படிவத்தை என் பக்கம் திருப்பி, உங்கள் கோட்டை விரலால் காட்டினாள். அதிலும் நானே கையெழுத்துப் போட்டேன். கோணலாய் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

நேற்று ரயில் நிலையத்தில் வழியனுப்பினேன். கூடப் போகிற வேறு வகுப்பு ஆசிரியை பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து உங்கள் பெயரில் தடக்குப்பட்டார். "அந்தோ... அந்தோனிப்..." என்று இழுத்துவிட்டு, கைவிட்டு, "ஜெனிற்றா" என்றார். பெடியன்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்தேன். உங்கள் மகள் சும்மா இருக்கவில்லை. நிலையம் முழுக்கக் கேட்க, "அந்தோனிப்பிள்ளை! ப்ரெசென்தே!" என்றாள். இருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ரயிலில் ஏறிவிட்டாள், ஒருதரம் திரும்பிக் கையாவது காட்டினாளா? இல்லை!

அன்றைக்குக் குசினியில் நீங்கள் விழுந்தபோதும் "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்றுதானே கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் கண்ணைத் திறந்திருப்பீர்களோ?

அவள் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும், உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தோனிப்பிள்ளையின் மனைவி
றீற்றா