வாயில் எஞ்சின் ஆயில்

1984 ஆகஸ்ட், வெள்ளி இரவு

நினைத்தாலே குமட்டுகிறது. கனடாவில் இருந்தபோது டிரம், பியூகிள் அணிவகுப்புக் குழுவில் இந்த பியூகிளை, அதாவது பித்தளை ஊதுகொம்பை, ஊதிக்கொண்டே நடந்தவன் நான். வெயிலில் உதடு வெடித்து ரத்தம் வரும், ஆனாலும் வரிசை கலையாது. அது ஒரு காலம். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறேன். நாளை அந்தக் கூட்டாளிகள் இங்கே நியூ ஜெர்சி மைதானத்துக்கு வருகிறார்கள், என்னையும் ஊதக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஊதிப் பார்த்தேன். வாயெல்லாம் எஞ்சின் ஆயில். வாய் வைக்கும் குமிழைக் கழற்றி, கொம்பு வழியாகத் தன் காருக்கு ஆயில் ஊற்றியிருக்கிறான் தங்கை புருஷன்.

"புனல் மாதிரியே இருந்துச்சு மச்சான். கராஜ்ல சும்மாதானே கெடந்துச்சு?"

"அதுல நான் வாய் வைக்கணும் மாப்ளே!"

"சோப்பு போட்டுக் கழுவுங்க. இதுக்குப் போய் டென்ஷன் ஆகறீங்களே!"

கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை. நாளை மைதானத்துக்கு, அந்த ஆயிலைக் குடித்த அவன் காரில்தான் போயாக வேண்டும். "நானே டிரைவ் பண்றேன் மச்சான்" என்று பல்லைக் காட்டினான். நானும் சிரித்துத் தொலைத்தேன். தூ.